பாடத்தில் உள்ள இருமல்

அக்பர் பாஷா சார் நாலாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினால், மத்திகிரியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் கூடவே படித்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்துக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் நடுவே ஒரு லேத் பட்டறை இருந்தது. காலை எட்டு மணிக்கு இரும்பைச் சீவ ஆரம்பித்தால் பொழுது சாயும் வரை சீவும். அது வந்த எட்டு வருஷமாக அதன் சத்தத்துக்கு மேலே தன் சத்தம் கேட்க வேண்டும் என்பதில் சார் குறியாக இருந்தார். கேட்கவும் செய்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போதாக்குறைக்கு எதையும் மூன்று தடவை சொல்வார். வகுப்பில் முப்பத்தெட்டு பிள்ளைகள். தமிழ் பேசுகிற வீடு, கன்னடம் பேசுகிற வீடு, தெலுங்கு பேசுகிற வீடு என்று மூன்றும் கலந்திருந்தன. அதனால் முதலில் தமிழில் சொல்லி, அப்புறம் கன்னடத்தில் சொல்லி, கடைசியில் தெலுங்கில் சொல்வார். முடிவில் "புரிஞ்சுதா, கொத்தாய்த்தா, அர்த்தமாயிந்தா" என்று மூச்சு விடாமல் கேட்பார். முப்பத்தெட்டு பேரும் "ஆமா சார்" என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். இதைச் செய்யச் சொல்லி எந்த உத்தரவும் இல்லை. காவேரிப்பட்டினத்திலிருந்து முதன்முதலாக இந்தப் பக்கம் வந்தபோது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவரைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்கள். பட்டறைக்காரர்களிடமும் பால்காரர்களிடமும் ஒரே வருஷத்தில் இரண்டு மொழியையும் பொறுக்கிக்கொண்டார். ஒன்றாம் வகுப்பை விட்டு நாலாம் வகுப்புக்கு வந்த பிறகும் பழக்கம் விடவில்லை.

1988-ஆம் வருஷம் ஆடி மாதம் அந்தக் குரல் கரகரத்தது. அப்புறம் உடைந்தது. ஒரு வியாழக்கிழமை கிருஷ்ணகிரி போய் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டினார்.

"புதுச் செருப்பு போட்டா கால்ல காய்ப்பு வருதில்ல? அது மாதிரி உங்க குரல் நரம்புல வந்திருக்கு. நாப்பது நாள் பேசக்கூடாது. குசுகுசுன்னுகூடப் பேசக்கூடாது. பேசுனீங்கன்னா அப்புறம் பேசவே முடியாது" என்றார் டாக்டர்.

"என்னிக்கிலேருந்து சார்?"

"திங்கக்கெழமையிலேருந்து வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நாற்பது நாள் லீவு என்றால் சும்மா கிடைக்காது. தர்மபுரிக்குப் போய் மெடிக்கல் போர்டு முன்னால் நிற்க வேண்டும். காவேரிப்பட்டினம் பக்கம் காது மந்தமாகிப்போன ஒரு வாத்தியார் அப்படிப் போய் நின்றார். இப்போது ஏதோ ஓர் ஆபீசில் பழைய ஃபைல்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருக்கிறார். நாள் முழுவதும் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்று சொன்னார்கள். அக்பர் பாஷா பயந்துபோனார். பேசினால் குரல் போகும், பேசாவிட்டால் வகுப்பு போகும். பஸ்ஸில் ஓசூர் வருகிற வரை இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

சூளகிரி தாண்டும்போதுதான் அவருக்குப் பெட்டி ஞாபகம் வந்தது.

ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி அது. பாடத்துக்குப் பயன்படுத்தச் சொல்லி அரசாங்கம் அந்த வருஷம் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தது. தலைமையாசிரியை சரோஜம்மாள் அதை வாங்கி, ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றி, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டினார். பிள்ளைகள் கை படக்கூடாது. வாத்தியார்கள் கை படவே கூடாது.

"சார், ரெஜிஸ்டர்ல ஏறுன சாமான். அது கீழ விழுந்தா என் பென்ஷனும் கூடவே விழும்" என்றார் சரோஜம்மாள்.

அக்பர் பாஷா டாக்டர் சீட்டைக் காட்டினார். சரோஜம்மாள் கண்டிப்பானவர்தானே தவிரக் கல்நெஞ்சுக்காரர் இல்லை. நாலாம் வகுப்புக்கு வேறு ஆள் வரப் போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். வந்தால் அது சரோஜம்மாளேதான். வெள்ளிக்கிழமை மாலை பெட்டியைத் துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போக விட்டார்.

டாக்டர் சொன்னதை அக்பர் பாஷா எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். திங்கட்கிழமையிலிருந்துதானே பேசக்கூடாது? வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மாலை வரை வாய் மூடாமல் பேசினார். கணக்குப் பாடம் ஐந்து, வாரத்தின் ஐந்து நாளுக்கும். ஒவ்வொன்றும் மூன்று மொழியில். பிள்ளைகள் பதில் சொல்ல எவ்வளவு இடம் விட வேண்டும் என்று தெரிவதற்காக மனைவி சுக்ராவை எதிரே உட்கார வைத்தார். சுக்ரா சத்தம் வராமல் வாயசைத்துப் பதில் சொன்னாள்.

"டாக்டர் பேசக்கூடாதுன்னாருல்ல?" என்றாள், கேசட்டை மாற்றும்போது.

"திங்கக்கெழமையிலேருந்து."

"தொண்டைக்குக் கெழமை தெரியுமாங்க?"

அவர் புதுக் கேசட்டைப் போட்டுப் பொத்தானை அமுக்கினார்.

அவருக்குத் தன் வகுப்பு அத்துப்படி. யார் எப்போது என்ன செய்வார்கள் என்று தெரியும். மத்தியானம் கணக்கு நடக்கும்போது, ரெண்டு இருபதுக்கு, ஒரு கம்பெனி பஸ் ரோட்டில் போகும். அப்போது கிருஷ்ணப்பன் என்கிற பையன் ஜன்னல் பக்கம் திரும்புவான். தினமும் திரும்புவான், தினமும் திட்டு வாங்குவான். ஆகவே ஒவ்வொரு பாடத்திலும் பத்தாவது நிமிஷத்தில், "கிருஷ்ணப்பா, ஜன்னல்ல என்ன? கணக்கு இங்க இருக்குது" என்று முன்கூட்டியே திட்டிவைத்தார். புதன்கிழமைப் பாடமான பின்னத்தில், களி உருண்டையை நாலாகப் பங்கு போட்டு முடித்து, கன்னடத்துக்குத் தாவும் இடத்தில் இருமல் வந்துவிட்டது. மூன்று இருமல். அழித்துப் பதியத் தெம்பில்லை. அப்படியே விட்டார். ஐந்தாவது பாடம் முடியும்போது பேட்டரியும் தீர்ந்தது, குரலும் தீர்ந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் பெட்டியை மேசை மேல் வைத்து, ஒயரைச் சொருகி, பொத்தானை அமுக்கிவிட்டு, வாயில் அதிமதுரத் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மற்றப் பாடங்களுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சமாளிக்கலாம். கணக்குக்குத்தான் வாய் வேண்டும். பெட்டி அவர் குரலில் பேசியது. பிள்ளைகள் பெட்டியைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், மறுபடி பெட்டியைப் பார்த்தார்கள். கேள்வி கேட்டதும் வழக்கம் போல் கூட்டமாகப் பதில் சொன்னார்கள். பதில் முடிந்ததும் "சபாஷ்" என்றது பெட்டி. பத்தாவது நிமிஷம் கம்பெனி பஸ் சத்தம் கேட்டது. "கிருஷ்ணப்பா, ஜன்னல்ல என்ன?" என்றது பெட்டி. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த கிருஷ்ணப்பன் ஆடிப்போனான். அன்றிலிருந்து பெட்டிக்குக் கண் இருக்கிறது என்று வகுப்பில் பேச்சு.

பேசாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர் நினைத்ததே இல்லை. வேறு வேலை இல்லாததால் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர்களைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறார், ஆனால் பேசுகிறபோது பார்த்ததில்லை. மூன்றாவது வரிசை ரங்கம்மா காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு மறந்துபோய்த் தேடுவாள். பெரியதம்பிக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை, பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறான். செவ்வாய்க்கிழமை ஜன்னலோரம் நகர்ந்து நின்றபோது இன்னொன்றையும் பார்த்தார். கம்பெனி பஸ்ஸில் இரண்டாவது ஷிப்டுக்குப் போகிறவர்களில் ஒருவர் கம்பிக்கு வெளியே கையை நீட்டி லேசாக அசைத்தார். கிருஷ்ணப்பன் மேசைக்குக் கீழேயிருந்து இரண்டு விரலைத் தூக்கினான். அவன் அப்பா. பையன் தூங்கின பிறகு வீட்டுக்கு வந்து, அவன் பள்ளிக்கூடம் போன பிறகு எழுந்திருக்கிற மனிதர். அப்பனும் மகனும் பார்த்துக்கொள்வது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பையனைத்தான் அக்பர் பாஷா திட்டிக்கொண்டிருந்தார். ஜூன் மாதத்திலிருந்து தினமும் திட்டியிருக்கிறார். நாற்பது நாளைக்கும் சேர்த்துத் திட்டி வைத்தும் இருக்கிறார். அழிக்கலாம் என்றால் அந்த இடத்தில் வேறு எதையாவது பேச வேண்டும். பேச முடியாது. அதனால் மறுநாளிலிருந்து பத்தாவது நிமிஷம் நெருங்கும்போது எழுந்து போய், சத்தம் வைக்கும் திருகில் கை வைத்துக்கொண்டு நிற்பார். "கிருஷ்ணப்பா" வருவதற்கு முன்னால் குறைப்பார். பெட்டி அந்த ஒரு வரியை மட்டும் கிசுகிசுக்கும். பஸ் போன பிறகு கூட்டுவார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

வாரம் திரும்பினால் அதே ஐந்து பாடம் மறுபடியும் வந்தது. மூன்றாவது வாரம் இடைவேளையில் பிள்ளைகள் டேப் ஆட்டம் ஆடினார்கள். ஒருத்தி பெட்டி, மற்றவர்கள் வகுப்பு. மூக்கை அழுத்தினால் பெட்டி ஓட வேண்டும், காதை இழுத்தால் நிற்க வேண்டும். பெரும்பாலும் ரங்கம்மாதான் பெட்டி.

நாலாவது வாரம் புதன்கிழமை, மௌனத்தின் இருபத்து நாலாவது நாள், உதவிக் கல்வி அலுவலர் பாஸ்கரன் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஓசூருக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான். பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்த பெட்டி என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டு வருகிறார். அதுவரை பார்த்த பதினோரு பள்ளிக்கூடங்களில் பதினோரு பெட்டியும் பீரோவில் இருந்தன. இங்கே பெட்டி மேசை மேல் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நீங்க நடத்துங்க சார், நான் ஓரமா உக்காந்துக்கிடுதேன்" என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வாசல் ஓரமாகச் சரோஜம்மாள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். அக்பர் பாஷா கும்பிட்டார். கும்பிடுவதற்கு வாய் தேவையில்லை.

ஐந்தாவது நிமிஷம் கரண்ட் போயிற்று.

பெட்டி "ஒரு களி உருண்டைய நாலு பேருக்கு" என்று சொல்லிவிட்டு இழுத்து நின்றது. பக்கத்துப் பட்டறையும் நின்றது. எட்டு வருஷத்தில் அப்படி ஓர் அமைதியை அந்த அறை கண்டதில்லை. பாஸ்கரன், சார் மேற்கொண்டு நடத்துவார் என்று காத்திருந்தார். அக்பர் பாஷா எழுந்தார். வாயைத் திறந்தார். அதிமதுரத் துண்டு நாக்கில் இருந்தது. இப்போது ஒரு வார்த்தை பேசினால் இருபத்து நாலு நாளும் பாழ், பேசாவிட்டால் தர்மபுரி.

மூன்றாவது வரிசையில் ரங்கம்மா மூக்கை அழுத்திக்கொண்டாள்.

"பங்கு போட்டா ஒருத்தருக்கு எவ்ளோ?" என்றாள்.

"கால் பங்கு" என்றது வகுப்பு.

"சபாஷ்" என்றாள் ரங்கம்மா. அதற்குள் பக்கத்துப் பெண் சேர்ந்துகொண்டாள், பிறகு அடுத்த வரிசை. கொஞ்ச நேரத்தில் முப்பத்தெட்டு பேரும் பெட்டியாகவும் முப்பத்தெட்டு பேரும் வகுப்பாகவும் ஆனார்கள். தாங்களே கேட்டார்கள், தாங்களே சொன்னார்கள். களியைப் பங்கு போட்டு முடித்த இடத்தில் எல்லோரும் நிறுத்தி, ஒரே மாதிரி, மூன்று தடவை இருமினார்கள். அப்புறம் கன்னடத்துக்குத் தாவினார்கள். பத்தாவது நிமிஷம் ரோட்டில் பஸ் சத்தம் கேட்டது. வகுப்பு முழுவதும் குரலைத் தாழ்த்தி, "கிருஷ்ணப்பா, ஜன்னல்ல என்ன? கணக்கு இங்க இருக்குது" என்று கிசுகிசுத்தது. கிருஷ்ணப்பனும் அதைக் கிசுகிசுத்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கினான். பஸ் போனதும் சத்தம் கூடிற்று. தெலுங்கில் முடித்து, "புரிஞ்சுதா, கொத்தாய்த்தா, அர்த்தமாயிந்தா" என்று தங்களையே கேட்டு, "ஆமா சார்" என்று தங்களுக்கே சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள்.

பாஸ்கரன் எழுந்து முன்னால் வந்தார்.

"நடுவுல எல்லாரும் எதுக்கு இருமுனீங்க?"

"அது பாடத்துல இருக்குது சார்" என்றான் கிருஷ்ணப்பன்.

"கன்னடத்துலயும் தெலுங்குலயும் என்ன சொன்னீங்க?"

"தமிழ்ல சொன்னதேதான் சார்."

"தமிழ் புரியாதவங்க யாரு? கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. அக்பர் பாஷா வகுப்பைப் பார்த்தார். கன்னட வீட்டுப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மொதல்லயே புரிஞ்சிரும் சார்" என்றாள் ரங்கம்மா. "ரெண்டாங்கிளாஸ் வந்தா அல்லாருக்கும் புரிஞ்சிரும்."

"பின்ன எதுக்கு சார் மூணு தடவ சொல்லுதாரு?"

ரங்கம்மா அக்பர் பாஷாவைப் பார்த்தாள். சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"சார் ஆசையா சொல்றாரு சார். வேணாம்னு எப்பிடி சொல்றது?"

அக்பர் பாஷா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பின்னம் அவருக்கு நன்றாக வரும். இருபத்திரண்டு வருஷத் தொண்டையில் மூன்றில் இரண்டு பங்கு. வீண் என்று சொல்லிவிடலாம், வேறு சொல் கிடைக்கவில்லை. பட்டறைக்கு மேலே கத்தியதும், காய்ப்பு வந்ததும், தர்மபுரியை நினைத்துத் தூக்கம் கெட்டதும், இந்தப் பிள்ளைகள் மரியாதைக்காக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பாடத்துக்குத்தான். அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் காட்டாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பி, சுத்தமாக இருந்த பலகையை மறுபடி துடைத்தார்.

"என்ன சார், ஒண்ணும் பேச மாட்டேங்கீங்க?" என்றார் பாஸ்கரன்.

"இன்னிக்கு சார் மௌன விரதம்" என்றார் வாசலிலிருந்து சரோஜம்மாள்.

பாஸ்கரன் கையிலிருந்த ஆசிரியர் பட்டியலில் அக்பர் பாஷா என்கிற பெயரைப் பார்த்தார். சரோஜம்மாளைப் பார்த்தார். "எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டார்.

சரோஜம்மாள் தரையைப் பார்த்தார். தனக்காக இன்னொருவர் பொய் சொல்லி நிற்பதை அக்பர் பாஷாவால் பார்க்க முடியவில்லை. மறைத்துக் காப்பாற்ற இனி என்ன இருக்கிறது என்றும் தோன்றியது. சட்டைப் பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினார்.

பாஸ்கரன் அதை இரண்டு தடவை படித்தார். மடித்தார்.

"இத எங்கிட்டக் காட்டியிருக்கக் கூடாது சார். பாத்தா நான் மேல எழுதணும்" என்றார். சீட்டை அக்பர் பாஷாவின் பையிலேயே திரும்பச் செருகினார். "அதனால நான் பாக்கல. ஆனா நாப்பதாம் நாள் குரல் வரலன்னா, நீங்களே தர்மபுரிக்குப் போயிரணும். என்னைப் பொய் எழுத வெச்சிராதீங்க."

அக்பர் பாஷா தலையாட்டினார்.

"இந்தப் பெட்டி ஒடைஞ்சா வேற பெட்டி எழுதி வாங்கிக்கிடலாம். தொண்டை எந்த ரெஜிஸ்டர்லயும் கெடையாது சார், பாத்துக்கிடுங்க." அவர் நோட்டில், 'கருவி நன்கு பயன்படுத்தப்படுகிறது' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, 'கருவி இல்லாதபோதும்' என்று சேர்த்தார். ஜீப்பில் ஏறுகையில் கரண்ட் வந்தது. உள்ளே பெட்டி, "பங்கு போட்டா ஒருத்தருக்கு எவ்ளோ?" என்று கேட்டது.

மீதிப் பதினாறு நாளும் பெட்டி ஓடியது. மூன்று மொழியும் ஓடியது, அதை மட்டும் நிறுத்த அவருக்கு வழி தெரியவில்லை. கன்னடம் வரும்போதெல்லாம் அவர் தரையைப் பார்த்தார். பெரியதம்பியை முன் வரிசைக்கு மாற்றினார். கிருஷ்ணப்பனை ஜன்னலோரம் உட்கார வைத்தார். இதற்கெல்லாம் வாய் தேவைப்படவில்லை.

நாற்பது நாள் முடிந்து சனிக்கிழமை டாக்டர் பார்த்தார். காய்ப்பு கரைந்திருக்கிறது, பேசலாம், கத்தக்கூடாது என்றார். பழைய சத்தம் இனி வராது என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் "சுக்ரா" என்று கூப்பிட்டார். அடுப்படியிலிருந்த சுக்ராவுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் போய்க் கூப்பிட்டார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தரம் கூப்புடுங்க" என்றாள்.

திங்கட்கிழமை மத்தியானம் பெட்டி பீரோவில் இருந்தது. அக்பர் பாஷா வகுப்பின் நடுவில் நின்றார். முன்னால் நின்றால் இனி கடைசி பெஞ்சுக்குக் கேட்காது. எந்தப் பாடமென்று யோசிக்கவில்லை, பின்னத்தையே எடுத்தார்.

"ஒரு களி உருண்டைய நாலு பேருக்குப் பங்கு போட்டா ஒருத்தருக்குக் கால் பங்கு" என்றார். பட்டறைச் சத்தத்தில் பாதி போயிற்று. பிள்ளைகள் அவர் பக்கம் சாய்ந்து கேட்டார்கள். சொல்லிவிட்டு நிறுத்தினார். நாற்பது நாள் வாயை மூடியிருந்ததைவிட இப்போது மூடியிருப்பது கஷ்டமாக இருந்தது. வகுப்பும் காத்திருந்தது.

"சார், மிச்சம்?" என்றாள் ரங்கம்மா.

"அதான் மொதல்லயே புரியுதுன்னியே."

"புரியுது சார்." அவள் காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடி செருகினாள். "எங்கூட்டுப் பேச்சு இஸ்கூல்ல நீங்க மட்டுந்தான் சார் பேசுவீங்கோ. ஒரே ஒரு தரம் சொல்லுங்கோ."

ரோட்டில் கம்பெனி பஸ் சத்தம் கேட்டது. அது போகட்டும் என்று அக்பர் பாஷா நின்றார். கிருஷ்ணப்பன் கையை முழுதாகத் தூக்கி ஆட்டினான்.

பஸ் போனதும் அவர் கன்னடத்தில் சொல்ல மூச்சிழுத்தார். இருமல் வரும் என்று பயந்தார். வரவில்லை. தொண்டை சுத்தமாக இருந்தது. ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள், அந்த இடம் வந்துவிட்டது என்று வகுப்பு முழுவதும் ஒரே மாதிரி மூன்று தடவை இருமி முடித்து, அவரைப் பார்த்தது.

"சபாஷ்" என்றார் அக்பர் பாஷா. கன்னடத்தில் தொடர்ந்தார்.